கல்யாணத்தன்று லாரி வந்தால்

பாப்பா,

நேற்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டே நீ ஒன்று கேட்டாய். "கல்யாணத்தன்னைக்கும் லாரி வந்தா போயிடுவியாம்மா?" தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நான், "கொழம்புல உப்பு போட்டியா பாரு" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் நீ விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். உப்பு அதற்குப் பதில் இல்லை என்று உனக்கும் தெரியும். நேரில் உட்கார்ந்து சொல்லலாம் என்றால், நம் இரண்டு பேர் வாயும் நமக்குத் தெரியாதா? முதலில் நீ கத்துவாய், அப்புறம் நான் கத்துவேன், உங்கப்பா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அதனால்தான் எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிப்போவில் என் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வேப்பமரத்தடியில் என் உதவியாள் முருகேசன் விடும் குறட்டை இங்கே வரைக்கும் கேட்கிறது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லி இரண்டாவது கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது. இன்னும் ஒரே ஓலைதான் பாக்கி, அதற்குப் பிறகு கல்யாணம். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். நீ படித்துவிட்டு உன் மாமியாரிடமும் கொடு. மாப்பிள்ளையின் பெரியம்மாவும் படிக்கட்டும். ஒளிக்க இதில் ஒன்றுமில்லை.

என் வேலை ரயில்வேயில் என்று சொன்னால் ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது, "சென்னைக்கு டிக்கெட் கெடைக்குமா?" என்பதுதான். எல்லாரையும் போல நானும் வரிசையில் நின்றுதான் டிக்கெட் வாங்குகிறேன் என்றால் நம்புவதில்லை. நம் சம்பந்தி வீட்டாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். என் வேலை தண்டவாளத்துக்கு வேண்டிய சாமான்களோடு. கிளிப், ரப்பர் பேடு, போல்ட்டு, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுகிற காங்கிரீட் கட்டை என்று லாரியில் வந்து இறங்கும். அதை வாங்கி, பார்த்து, அடுக்கி வைத்து, தண்டவாளத்தைப் பழுது பார்க்கிற ஆட்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலை மாதிரி இருக்கும். ஆனால் லாரிக்காரன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு, "கையெழுத்த போடுங்கம்மா, நான் கெளம்பணும்" என்று நிற்கும்போது, பிரித்துப் பார்க்காமல் போட மாட்டேன் என்று சொல்கிற பிடிவாதம் வேண்டும். அது எனக்குக் கடவுள் கொடுத்தது. உனக்கும் அதில் பாதி வந்திருக்கிறது. அதனால்தான் நமக்குள் இவ்வளவு சண்டை.

நம் வீட்டு வாசற்கதவுக்குச் செங்கல்தான் முட்டுக்கொடுக்கிறோம், நினைவிருக்கிறதா? நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது உங்கப்பா பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு பழைய கிளிப்பைப் பொறுக்கி வந்தார். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கிற அந்த வளைந்த கம்பிதான். துருப்பிடித்துக் கிடந்ததாம், கதவுக்கு நன்றாக இருக்குமாம். வாத்தியார் செய்கிற வேலையா அது? நான் சேலையைச் செருகிக்கொண்டு அதைக் கையில் எடுத்தவள், டிப்போ வரைக்கும் போய்ப் பழைய இரும்புக் குவியலில் போட்டுவிட்டுத்தான் வந்து சோறு போட்டேன். பக்கத்து வீட்டுக் கதவில் அது இருக்கிறது, நம் வீட்டில் மட்டும் ஏன் கூடாது என்று நீ தேம்பித் தேம்பி அழுதாய். "அடுத்த வூட்டு அம்மா ஸ்டோர் கீப்பரா இருக்கா?" என்று கேட்டேன். உனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கப்பாவுக்குப் புரிந்தது, மறுநாளே செங்கல் கொண்டுவந்தார். இந்தக் கிளிப்பு கதையை இப்போது ஏன் இழுக்கிறேன் என்பது கீழே வரும்.

பரிசத்தன்று நடந்ததற்கு நான் மன்னிப்பு கேட்கப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நடந்தது என்னவென்று உனக்குப் பாதிதான் தெரியும். நீ வீட்டில் இருந்தாய், நான் இங்கே இருந்தேன். ஸ்டேஷனுக்கு வடக்கே தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் பழைய கட்டைகளை எடுத்துவிட்டுப் புதியவை போடுவதாக ஏற்பாடு. அதற்கான கட்டைகள் செவ்வாய்க்கிழமை வர வேண்டியவை. ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் லாரிகள் அவ்வளவாக ஓடாது, ரோடு காலியாக இருக்கும் என்று டிரெய்லர்காரர்கள் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்கு லீவு. முருகேசன் இருக்கிறான், கிரேனும் இருக்கிறது, பார்த்துக்கொள்வான் என்று நான் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு உனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "அக்கா, ஒண்ணாம் நம்பர்லேருந்து வரிசையா எறக்கிட்டோம்க்கா. ஒண்ணுகூட மாறல!" என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை நீ கேட்டிருக்க வேண்டும். நான் சீப்பை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் ஒரு கட்டை மாதிரி இன்னொரு கட்டை இருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு, ஒன்றிலிருந்து வரிசையாகத்தான் போட முடியும். ரயிலை நிறுத்திவைத்து அதற்கென்று கொடுப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் ஒன்றாம் நம்பர் கைக்குக் கிடைக்க வேண்டும். முருகேசன் ஒன்றாம் நம்பரை முதலில் இறக்கி அதன்மேல் இரண்டு, அதன்மேல் மூன்று என்று அடுக்கிவிட்டான். முதலில் வேண்டியது எல்லாவற்றுக்கும் அடியில். கையால் புரட்டுகிற கட்டையும் இல்லை, கிரேன் வேண்டும். அந்தக் கிரேன் மத்தியானமே விருத்தாசலம் போய்விடும், வேலை நடக்கிற நாள் வரைக்கும் திரும்பாது. "அட கூறுகெட்டவனே, மொத்தத்தையும் பிரிடா!" என்று போனிலேயே கத்தினேன். அவனுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. உன் பின்னலை அப்படியே சித்தி கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக நான் டிப்போவுக்குள் நுழைந்ததும் கிரேன்காரர் கேட்கிறார், "என்னக்கா, பரிசம் ஒங்களுக்கா?" என்று. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை உங்கப்பாதான் பிறகு சொன்னார். மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. பூ, பழம், புடவை என்று தட்டுகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். தட்டை அவர்கள் வீட்டு அம்மா கொடுக்க, பெண்ணின் அம்மா வாங்க வேண்டும். வாங்க வேண்டிய நான் கட்டையை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். "நான் வாங்கிக்கிறேனே" என்று உங்கப்பா கை நீட்டியிருக்கிறார். மாப்பிள்ளையின் பெரியம்மா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாராம். "ஆம்பள தட்டு வாங்கற வூடு நான் பாத்ததில்ல. பரிசத்தன்னைக்கே பொண்ணோட அம்மாவுக்கு ஆபீஸ்னா, கல்யாணத்தன்னைக்கு என்ன செய்வாங்க? வண்டிய திருப்பச் சொல்லு" என்றாராம். அந்தக் கேள்விதான் உனக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. நேற்று கீரை உருவிக்கொண்டே நீ கேட்டது உன் கேள்வி இல்லை, அது பெரியம்மாவின் கேள்வி. ஆனால் உன் வாயிலிருந்து வரும்போதுதான் எனக்கு வலித்தது.

நீ போன் செய்தாய். "அவங்க கெளம்பறாங்கம்மா. நீ இனிமே வரவே வேணாம்." அவ்வளவுதான், வைத்துவிட்டாய். கிரேன் கொக்கியில் ஒரு கட்டை ஆடிக்கொண்டிருந்தது, கீழே ஆட்கள். அதை விட்டுவிட்டு ஓடிவர முடியாது, பாப்பா. மெதுவாக, மெதுவாக என்று கையைக் காட்டிக்கொண்டே அழுதேன். நம்பமாட்டாய், முருகேசனைக் கேள். தன்னால்தான் இவ்வளவும் என்று அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். உன் கல்யாணம் என்னால் நின்றுபோனது என்றே நினைத்தேன். இனி இந்த வேலை எதற்கு, எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் கிடப்போம் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேதான் அடுத்த கட்டையின் நம்பரையும் சரிபார்த்தேன்.

அப்போது வாசலில் வேன் வந்து நின்றது. திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முன்னால் உன் மாமியார் இறங்கினார், பின்னால் பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "அந்தம்மா எங்க இருக்காங்கன்னு காட்டுங்க, நானே போய்ப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்றேன்" என்று உன் மாமியார்தான் உங்கப்பாவிடம் வழி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டையைப் பார்த்தார்.

"என்னங்க இது, அடுக்கினத ஏன் பிரிக்கிறீங்க?"

ஒரே மூச்சில் சொன்னேன். நம்பர், வரிசை, கிரேன் எல்லாம். சொல்லும்போதே, இதெல்லாம் இவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்று தோன்றியது. அவர் அடுக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"மொதல்ல எடுக்க வேண்டியது அடியில போயிடுச்சா?"

"ஆமாங்க."

"அய்யய்யோ!" என்று தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார். "எங்க பட்டறையில ஒரு வருசம் இப்படித்தான் ஆச்சு. சரியா காயாத வெங்காயம் அது. மொதல்ல வித்துடலாம்னு இருந்தோம், அத அடியில கொட்டிட்டாங்க. மேல இருந்தது அத்தனையும் எறக்கித்தான் எடுத்தோம்." பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்தைத் தரையில் படாமல் தூக்கிக் கட்டி, காற்று போகிற மாதிரி பட்டறை போட்டு வைப்பார்கள் இல்லையா? அவர் வீட்டில் அந்தப் பொறுப்பு முழுக்க அவருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. பெண் பார்க்க வந்தபோது என்ன பேசினோம்? நகை, மண்டபம், சாப்பாடு. இவர் என்ன வேலை செய்கிறார் என்று நானும் கேட்கவில்லை, என் வேலையை அவரும் கேட்கவில்லை. அவர் பெரியம்மா பக்கம் திரும்பி, "ஒக்காருக்கா. இது முடியாம அவங்க வரமாட்டாங்க. இழுத்துக்கிட்டுப் போனாலும் மனசு இங்கதான் நிக்கும்" என்றார். பழைய மரக்கட்டை ஒன்றின் மேல் பட்டுப்புடவையோடு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பெரியம்மா முதலில் புடவைக்கு அடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று மூச்சு விட்டேன். அதற்குள் இன்னொன்று. உன் மாமியார் சும்மா இருக்காமல் எழுந்து சுற்றிப் பார்த்தவர், பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். "நல்லா கனமா இருக்கே. பட்டறைத் தார்ப்பாய் காத்துல பறக்குது. இதுல ரெண்டு குடுங்களேன், கட்டித் தொங்கவிட" என்றார். கிரேன்காரர் கைப்பிடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். முருகேசன் கண்ணாலேயே கெஞ்சினான், கொடுத்துத் தொலைங்கக்கா என்று. துருப்பிடித்த இரண்டு கிளிப்பு. போகவிருந்த சம்பந்தம் இப்போதுதான் திரும்பி வந்து மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறது.

"அது முடியாதுங்க. ரயில்வே சாமான்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. உன்னை அழவைத்த அதே வாய், தானாக வந்துவிட்டது. பெரியம்மா எழுந்தே விட்டார். "பாத்தியா! சம்பந்தி கேட்டு ஒரு துருப்புடிச்ச இரும்புகூட இல்லையாம்!" இந்தத் தடவை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

உன் மாமியார் சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை, தூங்கிக்கொண்டிருந்த டிரெய்லர் டிரைவர் எழுந்து பார்க்கிற சிரிப்பு. "விடுக்கா. நாம பொண்ணு கேட்டுத்தானே வந்தோம், இரும்பு கேட்டா வந்தோம்?" என்றார். சொல்லிவிட்டு அந்தக் கிளிப்பை எடுத்த குவியலிலேயே கொண்டுபோய் வைத்தார். பக்கத்தில் புதுக் கிளிப்பு மூட்டை வாய் திறந்தே இருந்தது, கைக்கு எட்டுகிற தூரம். அதில் போடவில்லை. நாலடி நடந்து போய், எங்கே எடுத்தாரோ அங்கே வைத்தார். அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. என் பிள்ளையை இந்த வீட்டுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று அப்போதுதான் உள்ளபடி முடிவு செய்தேன். அதுவரைக்கும் மனசில் ஒரு ஓரத்தில் பயம் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. கட்டை முழுவதையும் திருப்பி அடுக்கி முடித்து, வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டுத் தட்டை வாங்கினேன். புடவைத் தலைப்பில் கிரீஸ், இன்றைக்கும் போகவில்லை. பழக்க தோஷத்தில் தட்டில் இருந்த ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு சீப்பு வாழைப்பழம் நசுங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், அதற்காவது நீ என்னைப் பாராட்ட வேண்டும். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டோ எடுக்கும்போது அப்பா பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாய். அந்தப் போட்டோவில் நீ இவ்வளவு அழகாக இருக்கிறாய், மை மட்டும் கரைந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது.

கட்டைகளைப் போட்டு முடித்துவிட்டார்கள். ஒன்றாம் நம்பர் மேலே இருந்தது, வேலை நேரத்துக்குள் முடிந்தது, இன்ஜினியர் சார் வந்து முருகேசன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவன் என்னைப் பார்த்து இளித்தான். போன வாரம் முகூர்த்தப் புடவை எடுக்க நீ சென்னைக்குப் போனாயே, அரியலூரை விட்டு வண்டி கிளம்பியதும் அந்தக் கட்டைகள் மேல்தான் போனது. ஒரு ஆட்டம்கூட இருந்திருக்காது. நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். நான் பிளாட்பாரத்தில் நின்று வண்டியின் சத்தத்தைக் கேட்டேன். எனக்கு அது போதும்.

இப்போது நீ போகிற ஊரில் ரயிலே கிடையாது. ரயில்வேக்காரி மகளை ரயில் இல்லாத ஊரில் கொடுக்கிறாயே என்று டிப்போவில் எல்லாரும் கேலி பேசுகிறார்கள். பஸ் இருக்கிறதே என்று சொல்லிக்கொள்கிறேன். அங்கே போனதும் உடனே எல்லாவற்றையும் பற்றி அபிப்பிராயம் சொல்லாதே. புது வீட்டில் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசுவார்கள். சுருக்கென்று ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே உள்ளே எடுத்து வைத்துப் பூட்டாதே. எனக்கு இங்கே சந்தேகமான சாமான் வந்தால் நல்லதோடு கலக்காமல் ஒதுக்குப்புறமாக வைத்து மறுநாள் வெளிச்சத்தில் பார்ப்பேன். பாதி சந்தேகம் தூசியாகத்தான் இருக்கும். பெரியம்மாவின் பேச்சை அப்படிப் பார். அவர் அன்றைக்குக் கோபப்பட்டது, தட்டை வாங்க ஒரு தாய் இல்லையே என்று உனக்காகவும்தான். திரும்பிப் போகும்போது என் புடவைக் கிரீஸைப் பார்த்து, "மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ங்க, போயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார். உன் மாமியார் உன்னைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனால் போ. கை நாறும், பரவாயில்லை. அவர் சொல்வது பிடிக்கவில்லையென்றால் அவரிடமே சொல். என்னிடம் சொல்லி அழாதே, நான் அவர் பக்கம்தான் பேசுவேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். போக மாட்டேன். டிப்போ சாவியை இந்த வெள்ளிக்கிழமையே முருகேசனிடம் கொடுத்துவிடுவேன். கடைசி நம்பர் அடியில், ஒன்றாம் நம்பர் மேலே என்று அவன் இப்போது தூக்கத்தில்கூடச் சொல்வான். இன்ஜினியர் சாரிடமும் சொல்லியாகிவிட்டது. என் போன் பீரோவுக்குள் இருக்கும். பீரோ சாவியை மாப்பிள்ளையின் பெரியம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். அவரைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது. லாரி வந்தால் வாசலில் நிற்கட்டும், ஹாரன் அடிக்கட்டும், டிரைவர் என்னைத் திட்டட்டும். கோயிலில், மண்டபத்தில், பந்தியில், நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் நிற்பேன். உன் பின்னலை அன்றைக்கு நான்தான் முடிப்பேன், சித்தியிடம் கொடுக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் நீ பெரம்பலூர் வேனில் ஏறிப் போய்விடுவாய். உங்கப்பா செய்தித்தாளோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். நான் வீட்டுக்குள் வந்து, உன் சீப்பு, உன் செருப்பு, கதவோரச் செங்கல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். சாமானை வாங்கி வைத்துப் பழகினவளுக்கு அது முடியாது, பாப்பா. அதனால் ஏலாக்குறிச்சி மாதாவிடம் ஒன்று வேண்டியிருக்கிறேன். நீ என் கண்ணெதிரே இருக்கிற வரைக்கும் எந்த லாரியும் வரக்கூடாது. உன் வேன் தெருமுனை திரும்பியதும் ஒன்று வர வேண்டும்.

அம்மா